பின் அட்டையில் நீ இல்லை

அக்கா,

இன்று காலை கூரியரில் உன் புத்தகம் வந்தது. இரண்டாம் பதிப்பு அச்சுக்குப் போவதற்கு முன்னால் பார்த்துச் சொல்லும்படி சென்னையிலிருந்து அனுப்பிய ஒற்றைப் பிரதி. உறையைக் கிழித்ததும் பசை வாடை அடித்தது. முப்பது வருஷமாக இந்த வாடைக்கு நடுவில் உட்கார்ந்துதான் சோறு தின்கிறேன். இன்றைக்கு எழுந்து போய் ஜன்னலைத் திறந்துவிட்டேன். முன் அட்டையில் உன் பெயர் இருக்கிறது. பின் அட்டையில் உன் படம் இருக்க வேண்டிய இடத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு கட்டமும், அதற்குள் 'ஆசிரியர் படம் இங்கே' என்று பொடி எழுத்தும் இருக்கின்றன. படத்தை அனுப்பினால் உடனே அச்சுக்குக் கொடுத்துவிடலாம் என்று ஒரு சீட்டும் வைத்திருக்கிறார்கள்.

அந்தப் படம் என்னிடம் இல்லை. ஏன் இல்லை என்பதை நீ இருந்தவரை உன்னிடம் சொல்லவில்லை. இருக்கிறது என்றுதான் சொன்னேன். இப்போது சொல்லி என்ன ஆகப்போகிறது என்று எனக்கும் தெரிகிறது. ஆனாலும் வேறு யாரிடம் போய்ச் சொல்ல?

நீ எழுதுகிறாய் என்பதே வெகு நாள் எனக்குத் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை ஆமத்தூரில் உன் வீட்டுக்கு வரும்போதெல்லாம் சிவகாசியில் நான் வேலை செய்யும் பிரஸ்ஸில் கழித்துப்போட்ட தாள்களைக் கட்டாகக் கட்டிக்கொண்டு வருவேன். கலர் மாறிப்போன காலண்டர் தாள், ஓரம் பிசகிய பட்டாசு லேபிள். அலமாரியில் விரிக்கத்தான் கேட்கிறாய் என்று நினைத்தேன். நீ அதன் பின்பக்கம் முழுக்க எழுதிக்கொண்டிருந்தாய். ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தக் கட்டைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தாய்.

"இதப் புஸ்தகமாப் போடணும்லே. எம்புட்டு ஆகும்?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஒன்பதாவதோடு படிப்பை நிறுத்திவிட்டு, பட்டாசுக் கம்பெனியில் பேக்கிங்கில் உட்கார்ந்தே வயசாகிப்போன உனக்குப் புத்தக ஆசை வந்ததை என்னால் நம்ப முடியவில்லை. "சொந்தக் காசுல சூனியம் வச்சுக்கிறதும்பாங்களே, அது இதுதாங்க்கா" என்றேன்.

"எங் காசு, எஞ் சூனியம். ஒனக்கு என்னலே வலிக்கிது?"

அதற்கு மேல் உன்னிடம் வாயைக் கொடுக்க முடியாது. நம் ஊரில் ஆயிரம் பிரதிக்குக் குறைந்து யாரும் மெஷினை ஓட்டமாட்டார்கள், அதிலும் காலண்டர் சீசன் தொடங்கிவிட்டால் புத்தகத்தை எடுத்துக்கொண்டு வாசலில்கூட நிற்க முடியாது. அதனால் எழுதுகிறவர்களே புத்தகம் போட்டுக்கொள்ள உதவுகிற சென்னைக் கம்பெனி ஒன்றைப் பிடித்தேன். தட்டச்சு, எடிட்டிங், பக்க அமைப்பு, அட்டை, புத்தகத்துக்கான ஐ.எஸ்.பி.என். நம்பர் வாங்குவது, ஆன்லைனில் விற்பனைக்குப் போடுவது எல்லாம் அவர்களே பார்த்துக்கொள்வார்கள்; ஐம்பது பிரதி வேண்டுமானாலும் அடித்துத் தருவார்கள். நீ கேட்டுவிட்டு மூக்கின் மேல் விரலை வைத்தாய். "ஊரு பூராம் மிசினு ஓடுது. நான் எழுதுனது மட்டும் மெட்ராசுக்குப் போயி அச்சாகி வரணுமாக்கும். நல்ல கூத்துலே."

அந்தக் கம்பெனியிலிருந்து ஒரு எடிட்டர் பெண் உன்னோடு போனில் பேச ஆரம்பித்தாள். முதல் நாளே முறையிட்டாள். ஸ்கேன் செய்து அனுப்பிய தாள்களில் பின்பக்கத்து மகாலட்சுமி தெரிகிறாளாம், எழுத்து எது தாமரை எது என்று புரியவில்லையாம். நீ விழுந்து விழுந்து சிரித்தாய். பிறகு வாரா வாரம் அவளுக்கு வாசித்துக் காட்டினாய். புத்தி சொல்லாமல் கேட்டுக்கொள்கிறாள், நான் சொன்னதை நான் சொன்ன மாதிரியே வைக்கிறாள் என்று உனக்கு அவளை ரொம்பப் பிடித்துப்போயிற்று.

நான் எத்தனை பக்கம் படித்தேன் தெரியுமா? நாற்பது. வெம்பக்கோட்டைப் பக்கம் நமக்கு இருந்த கரிசல் காடு, மழைக்குப் பார்த்திருந்த அப்பா, நீ முதல் முதலாகக் கம்பெனி வேனில் ஏறிய நாள் வரை படித்தேன். அடுத்த அத்தியாயம் அந்த வெடி விபத்து. உனக்கு இருபத்தாறு வயதில் நடந்தது. இடது கன்னமும் கழுத்தும் கையும் வெந்து கிடந்த உன்னைப் பார்க்க ஆஸ்பத்திரிக்கு வந்தேன். நர்ஸ் கட்டைப் பிரித்தபோது வராண்டாவுக்கு ஓடிப்போய்விட்டேன். அதே ஓட்டத்தைத்தான் உன் புத்தகத்திலும் ஓடினேன். அந்தப் பக்கத்தில் மூடி வைத்தவன் பிறகு திறக்கவே இல்லை. படித்துவிட்டாயா என்று நீ கேட்டபோது, படித்துவிட்டேன் அக்கா, பிரமாதம் என்றேன்.

பிறகு படம் கேட்டார்கள். படம் இல்லாமலும் புத்தகம் வருகிறது, விட்டுவிடலாம் என்று நான்தான் முதலில் சொன்னேன். வெளியே கிளம்பினால் முந்தானையை இழுத்து இடது கன்னத்தை மூடிக்கொள்கிறவள் நீ. கல்யாண வீட்டு வீடியோக்காரனைக் கண்டால் சமையல்கட்டுக்குள் போய்விடுவாய். ஆனால் ஒரே பிடியாக நின்றாய். "போடணும்லே. கட்டாயம் போடணும்." விருதுநகரில் ஒரு சின்ன ஸ்டுடியோவுக்குக் கூட்டிப்போனேன். உள்ளே நீ முந்தானையை நீயே எடுத்துவிட்டாய். அந்த ஆள் நல்ல மனதோடுதான் சொன்னான், "அம்மா, லேசா இந்தப் பக்கம் திரும்பிக்கங்க, நல்லாருக்கும்." நீ சொன்னது வாசலில் நின்ற எனக்குக் கேட்டது.

"வேணாம்ப்பா. நேராவே எடு."

நான் ரோட்டில் போகிற வண்டிகளைப் பார்த்துக்கொண்டு நின்றேன். நீ வெளியே வந்தபோது உன் நெற்றியெல்லாம் வேர்த்திருந்தது. டீ குடிக்கலாமா என்றேன். இரண்டு வடையும் சேர்த்து வாங்கச் சொன்னாய்.

அந்த ஐப்பசியில் என் மேஜையில் காலண்டர் வேலை மலையாகக் குவிந்து கிடந்தது. எங்கள் தொழிலில் முகம் என்றால் என்ன என்று உனக்குத் தெரியும். ஜவுளிக்கடை முதலாளியின் கன்னத்துத் தழும்பை எடுப்போம், மாலை போட்ட பெரியவரின் மருவை எடுப்போம், முருகன் முகத்துக்கே இன்னும் கொஞ்சம் வெளிச்சம் கூட்டுவோம். யாரும் எடு என்று சொல்வதில்லை. எடுக்காமல் விட்டால்தான் 'என்ன, டச்சப் பண்ணலையா?' என்று கேட்பார்கள். ஒரு குழந்தைக் கிருஷ்ணனை முடித்துவிட்டு அடுத்ததாக உன் படத்தைத் திறந்தேன். கை அது பாட்டுக்கு வேலையை ஆரம்பித்துவிட்டது. வலது கன்னத்துத் தோலை எடுத்து இடது கன்னத்தில் பரப்பினேன். கழுத்துச் சுருக்கத்தை நிரவினேன். இழுத்துக்கொண்டிருந்த வாயோரத்தைச் சமன் செய்தேன். பார்த்தேன் என்று சொல்ல மாட்டேன். வேலை செய்யும்போது நாங்கள் முகத்தைப் பார்ப்பதில்லை, எடுக்க வேண்டிய இடத்தை மட்டும்தான் பார்ப்போம். ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. அதே பெயரில், அதே ஃபைலின் மேலேயே சேவ் செய்தேன். முதலில் ஒரு காப்பி எடுத்து வைத்துக்கொண்டு வேலையைத் தொடு என்று புதிதாக வருகிறவர்களுக்கு நூறு தடவை சொல்லிக் கொடுத்திருக்கிறேன். அன்றைக்கு நானே செய்யவில்லை. ஸ்டுடியோக்காரன் படத்தைப் போட்டுக் கொடுத்த பென் டிரைவையும் அடுத்த வேலைக்காகத் துடைத்துவிட்டேன்.

உண்மையைச் சொல்கிறேன், அன்றைக்கு எனக்கு அவ்வளவு சந்தோஷம். விபத்து நடக்காமல் இருந்திருந்தால் எப்படி இருந்திருப்பாயோ அப்படி உன்னை ஆக்கிவிட்டதாக நினைத்தேன். நீ பார்த்து அழுதுவிடுவாய் என்றுகூட நினைத்தேன்.

எடிட்டர் பெண் கேட்டாள், அக்கா. அவள் மேல் ஒரு குற்றமும் இல்லை. "சார், கடைசி அத்தியாயத்துல இந்தப் படத்தைப் பத்தி வருது. பின்னட்டைக்கு நீங்க அனுப்பினது சரியான படம்தானே? ஒரு தடவை பாத்துச் சொல்லுங்க" என்று போனிலேயே கேட்டாள். அந்த நேரம் பார்த்து எதிரில் ஒரு பார்ட்டி ஆர்டரோடு உட்கார்ந்திருந்தார். "அதெல்லாம் ஃபைனல்தாம்மா" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

கார்த்திகையில் ஐம்பது பிரதியும் வந்தது. பெட்டியோடு ஆமத்தூருக்கு எடுத்து வந்தேன். நீ கையைக் கழுவி, சேலையில் துடைத்து, ஒன்றை எடுத்து மோந்து பார்த்தாய். முன் அட்டையில் உன் பெயரை விரலால் தடவினாய். பிறகு திருப்பினாய். எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டிருந்தாய் என்று தெரியவில்லை.

"இது யாருலே?"

"நீதாங்க்கா. கொஞ்சம் டச்சப் பண்ணிருக்கேன்."

"ம்" என்றாய். புத்தகத்தை மடியில் கவிழ்த்து வைத்துவிட்டு, "கடைசிப் பக்கத்தப் படிச்சியா?" என்றாய். படித்தேன் என்று அப்போதும் பொய் சொன்னேன். "படிச்சிருந்தா இதச் செஞ்சிருக்க மாட்ட" என்று சொல்லிவிட்டு, எனக்குச் சோறு எடுத்துவைக்க எழுந்து போனாய். நீ என்னை ஏசியிருக்கலாம். சின்ன வயதில் எதற்கெல்லாமோ ஏசியிருக்கிறாய்.

திரும்பிப் போகும்போது பஸ்ஸில் கடைசிப் பக்கத்தைத் திறந்தேன். கண்ணாடி பார்க்காமல் இருந்த வருஷங்களைப் பற்றி எழுதியிருந்தாய். படம் எடுத்து வந்த பிறகு எடிட்டர் பெண்ணிடம் சொல்லிச் சேர்த்திருப்பாய் போல, ஸ்டுடியோக்காரன் தன் கேமராவில் உன்னை உனக்கே காட்டியதும் அதில் இருந்தது. முடிவில் இப்படி இருந்தது: 'இனிமேல் மூடப் போவதில்லை. புத்தகத்தைத் திருப்பி, பின் அட்டையைப் பாருங்கள். அதுதான் நான். நான் பார்த்துவிட்டேன், நீங்களும் பார்க்கலாம்.' நான் திருப்பினேன். வழவழவென்று ஒரு பெண் என்னைப் பார்த்துச் சிரித்தாள். எனக்கே அவளை அறைய வேண்டும் போல இருந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வந்தபோது எல்லாப் புத்தகத்துக்கும் நீ காலண்டர் தாளில் அட்டை போட்டு வைத்திருந்தாய், பள்ளிக்கூடப் பிள்ளைகள் போடுவார்களே, அது போல. முன்னாலும் தெரியாது, பின்னாலும் தெரியாது. ஏன்க்கா என்றேன். "அழுக்காயிரும்லே" என்றாய். அப்படியேதான் எல்லாருக்கும் கொடுத்தாய். ஒரு புத்தகம் போடுவதற்கு அவ்வளவு ஆசைப்பட்டவள், தன் பெயர் போட்ட அட்டையைத் தானே மூடிக்கொடுத்தாய்.

"அந்தப் பழைய படம் இருக்குல்ல? அடுத்து அடிக்கும்போது அதப் போட்டுரு."

"இருக்குக்கா. தை பொறக்கட்டும், சீசன் முடிஞ்சதும் மாத்திருவோம்."

என் மனதில் வேறு கணக்கு ஓடியது. உன்னை இன்னொரு தடவை ஸ்டுடியோவுக்குக் கூட்டிப்போய், உனக்குத் தெரியாமலே புதுப் படத்தை வைத்துவிடலாம் என்று நினைத்தேன். பொங்கலுக்கு மெதுவாகக் கேட்டும் பார்த்தேன், இன்னும் நல்லதாக ஒன்று எடுக்கலாமா என்று. நீ தலையை ஆட்டினாய். "ஒரு தடவ உக்காந்துட்டேன்லே. எங்கிட்ட இருந்த தைரியம் அம்புட்டுத்தான்."

மாசியில் போய்விட்டாய். காலையில் தண்ணீர் பிடிக்கப் போனவள் குழாயடியிலேயே சாய்ந்துவிட்டாய் என்றார்கள். நெஞ்சுவலி. நான் வந்து சேர்வதற்குள் என் பிரஸ் கூட்டாளிகள் ஆமத்தூர் பஸ் ஸ்டாப்பில் கண்ணீர் அஞ்சலி ஃபிளெக்ஸ் கட்டிவிட்டார்கள். அச்சுக்காரன் வீட்டுத் துஷ்டிக்கு அதற்கு நேரம் ஆகுமா? ஆன்லைனில் உன் புத்தகத்தைத் தேடி, பின் அட்டையிலிருந்து படத்தை எடுத்து ஆளுயரத்துக்குப் பெரிதாக்கிப் போட்டிருந்தார்கள். என்ன காரணம் சொல்லி அவிழ்க்கச் சொல்வேன்?

மூன்றாம் நாள் ஆனைக்குட்டத்திலிருந்து பாக்கியம் வந்தாள். பத்தொன்பது வருஷம் பேக்கிங்கில் உனக்கு எதிரில் உட்கார்ந்தவள். வாசலிலேயே விழுந்து மண்ணில் அடித்துக்கொண்டு அழுதாள். "அன்னைக்குச் சாயங்காலம் கம்பெனி வேன்ல இந்த வழியாத்தானண்ணே போனேன். போர்டப் பாத்தேன். எழுத்துக் கூட்டிப் படிக்கவா தெரியும் எனக்கு, மொகத்தத்தான் பாத்தேன். யாரோ வசதியான வீட்டம்மா போலருக்குன்னு நெனச்சுக்கிட்டுப் போயிட்டேனே. எங்கக்கான்னு தெரியலையே. எறங்காமப் போயிட்டேனே." உன்னைத் தூக்கும்போது உன் பக்கத்தில் இருந்திருக்க வேண்டியவள், நான் செய்த முகத்தால் உன்னைத் தாண்டிப் போனாள். என்னை எதில் போட்டு வறுத்தாலும் தகும், அக்கா.

எடிட்டர் பெண்ணுக்கு நான்தான் சேதி சொன்னேன். போனிலேயே தேம்பிவிட்டாள். இப்போது ஆன்லைனில் புத்தகத்தை நிறையப் பேர் கேட்கிறார்களாம், இரண்டாம் பதிப்பு போட வேண்டுமாம். "படத்தை மாத்தணும்னு அம்மா எங்கிட்டயும் சொல்லிருக்காங்க சார். தம்பிக்கு சீசன் முடியட்டும், அவன் அனுப்புவான்னு சொன்னாங்க" என்றாள். நீ என்னை அவ்வளவு நம்பியிருக்கிறாய்.

ஸ்டுடியோவுக்கு ஓடினேன். பழைய படங்களை மாதா மாதம் அழித்துவிடுவார்களாம். உன் ஆதார் அட்டையை எடுத்தேன். கட்டைவிரல் அளவில் ஒரு கறுப்புத் தீற்றல், பாதிக்கு முந்தானை. கம்பெனி அடையாள அட்டையும் அப்படித்தான். சொந்தக்காரர் வீட்டுக் கல்யாண ஆல்பம் ஒவ்வொன்றாகப் புரட்டினேன். ஒன்றில் உன் முதுகு இருந்தது.

அப்புறம்தான் அந்தக் கிறுக்குத்தனம் பிடித்தது. தழும்பை எடுத்தவன் நான்தானே, திருப்பி வைக்கவும் எனக்குத் தெரியாதா என்று கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தேன். கோடு இழுத்தேன், நிறத்தை மங்கவைத்தேன், தோலைச் சுருக்கினேன். என்ன செய்தாலும் சினிமாவில் போடுகிற ஒப்பனை மாதிரி வந்தது. போன ஞாயிற்றுக்கிழமை பாக்கியத்தை வரச் சொன்னேன். பக்கத்தில் நாற்காலி போட்டு உட்காரவைத்தேன். அவள் திரையைத் தொடவில்லை. தன் கன்னத்திலேயே விரலை வைத்துக் காட்டினாள்.

"இங்கன, கண்ணு ஓரத்துல ஆரம்பிக்கும்ணே. காதுக்குக் கீழ எறங்கும்போது ரெண்டாப் பிரியும். வாயோரம் ஒரு சுருக்கு. அக்கா சிரிச்சாகன்னா மொகம் பூராம் சிரிக்கும், அந்த எடம் மட்டும் சும்மா இருக்கும்."

அவள் சொல்லச் சொல்ல வரைந்தேன். இல்லண்ணே என்றாள். அழித்துவிட்டு மறுபடி வரைந்தேன். பிரிகிறது எங்கே, கண்ணுக்கு எவ்வளவு தள்ளி என்று கேட்டுக் கேட்டுப் போட்டேன். மூன்றாம் தடவையும் இல்லண்ணே என்றுவிட்டு, என்னைத் திரும்பிப் பார்த்தாள். குத்திக்காட்டுகிற மனுஷி இல்லை அவள். விளங்காமல்தான் கேட்டாள்.

"எங்கிட்டக் கேக்குறீகளேண்ணே. நீங்க கூடப் பொறந்தவுக, நீங்க பாத்ததே இல்லையா?"

பாக்கியம் போன பிறகும் அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தேன். ஆமத்தூர் வீட்டில் எனக்கு எப்போதும் ஒரே இடத்தில்தான் தட்டு வைப்பாய், உனக்கு வலது கைப் பக்கம். பேசும்போது என்னைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்துப் பேசுவாய். வாசல்வரை வழியனுப்ப வந்தால் கதவு இடது கன்னத்தை மறைக்கிற பக்கம்தான் நிற்பாய். எல்லாம் உன் பழக்கம் என்று நினைத்திருந்தேன். விபத்துக்குப் பிறகு முப்பத்திரண்டு வருஷம் ஞாயிறு தவறாமல் வந்து போயிருக்கிறேன். ஊருக்காக முந்தானையைப் போட்டாய். தம்பிக்காக முகத்தையே திருப்பி வைத்திருந்திருக்கிறாய். பத்தொன்பது வருஷமாகப் பாக்கியம் எதிரில் உட்கார்ந்து நேராகப் பார்த்ததை நான் ஒரு நாள்கூடப் பார்க்கவில்லை.

சற்று முன்னால் எடிட்டர் பெண்ணுக்குப் போன் செய்தேன். படம் கிடையாது, அந்த இடத்தை வெறுமனே விட்டுவிடுங்கள் என்றேன். நடந்ததையும் சொன்னேன். அவள் முழுக்கக் கேட்டுக்கொண்டாள். பிறகு மெதுவாகக் கேட்டாள். "அப்ப அந்தக் கடைசி வரி சார்? பின்னட்டையைப் பாருங்கன்னு எழுதியிருக்காங்களே. எடுத்துரலாமா?"

"வேண்டாம்மா. ஒரு எழுத்தக்கூட எடுக்காதீங்க. நான் எடுத்ததே போதும்."

படிக்கிறவர்கள் நீ சொன்னபடி புத்தகத்தைத் திருப்புவார்கள். வெள்ளையாக இருக்கும். அச்சுக்காரன் செய்த தப்பு என்று நினைத்துக்கொள்வார்கள். நினைக்கட்டும், அது பொய் இல்லையே.

என்னிடம் மிச்சம் இருப்பது உன் வலது கன்னம் மட்டும்தான், அக்கா. அதைக் கண்ணை மூடிக்கொண்டு எந்தத் தாளிலும் வரைந்துவிடுவேன். இந்தப் பக்கம் திரும்பு அக்கா என்று ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை சொல்லியிருந்தால் நீ திரும்பியிருப்பாய். நான் சொல்லவில்லை.

உன் தம்பி